நம்பர் போடாத இடம்: பேஸ்பால் புல்மேட்டை ரசிப்பது எப்படி?

பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் வடபகுதி வாசலில் பனியை வாரிக்கொண்டிருக்கும். அரிசோனாவிலோ அதற்குள் பேஸ்பால் தொடங்கியிருக்கும். மேஜர் லீக்கின் 30 அணிகளில் 15 அணிகள் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றி முகாம் போடுகின்றன, மற்ற 15 ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுகின்றன. மார்ச் கடைசி வாரம் வரை அநேகமாகத் தினமும் பயிற்சி ஆட்டம் உண்டு. அரிசோனா ஆட்டங்களுக்குக் 'காக்டஸ் லீக்' என்று பெயர். மொத்தம் 10 மைதானங்கள். அவற்றில் ஐந்தை இரண்டிரண்டு அணிகள் பங்கிட்டுக்கொள்கின்றன.

இந்த மைதானங்களில் மிக மலிவான டிக்கெட், லான் டிக்கெட். அவுட்ஃபீல்டு எனப்படும் வெளிக்களத்தின் வேலிக்குப் பின்னால் மண்ணைக் கொட்டிச் சரிவாக்கிப் புல் வளர்த்திருப்பார்கள். நாற்காலி கிடையாது, நம்பர் கிடையாது. விரிப்பைப் போட்டு உட்கார வேண்டியதுதான். தென்னாப்பிரிக்காவின் சென்சூரியனில் டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது புல்கரையில் ஜனங்கள் சாய்ந்து கிடப்பதை டிவியில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி.

ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா, "எதுக்குப்பா தரையில உக்காரணும்? இன்னும் கொஞ்சம் காசு போட்டு நாற்காலி வாங்கேன்" என்பார். "நாற்காலி வாங்கினா நகர முடியாதேப்பா" என்பதுதான் சரியான பதில். மற்ற டிக்கெட்டெல்லாம் ஓர் இடத்தை விற்கின்றன. லான் டிக்கெட், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விற்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு இது இரண்டாம் தரப் பார்வை அல்ல. வீட்டு டிவியும், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள விலையுயர்ந்த சீட்டும் காட்டாத ஓர் ஆட்டம் இங்கிருந்து தெரியும்.

முதலில் சூரியன்

எந்தப் பக்கம் உட்காருவது என்பதை அணியை வைத்து முடிவு செய்யாதீர்கள், வெயிலை வைத்து முடிவு செய்யுங்கள். பகல் ஆட்டங்கள் பெரும்பாலும் மதியம் ஒரு மணியை ஒட்டித் தொடங்குகின்றன. மார்ச் மாத ஃபீனிக்ஸில் வெயில் 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், சில நாள் 30-ஐத் தாண்டும். சென்னைக்காரருக்கு இது ஒரு வெயிலா என்று தோன்றும். ஆனால் இது பாலைவனக் காற்று. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுவதால், தோல் கன்றிய பிறகுதான் விஷயம் உறைக்கும். புல்மேட்டில் கூரையும் இல்லை.

பேஸ்பால் விதிப்புத்தகத்தில் ஒரு பரிந்துரை உண்டு. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது. மாலை வெயில் பேட்டரின் கண்ணில் அடிக்கக் கூடாதே என்ற அக்கறை. பேட்டருக்கு முதுகில் வெயில் என்றால், எதிரே உட்கார்ந்திருக்கும் நமக்கு முகத்தில் வெயில். இந்தத் திசையில் அமைந்த மைதானத்தில், தொடக்கத்தில் லெஃப்ட் ஃபீல்டு மேட்டுக்காரருக்குச் சூரியன் எதிரே உயரத்தில் நிற்கும். பொழுது சாயச் சாய ரைட் ஃபீல்டு மேட்டுக்காரரின் கண்ணுக்கு இறங்கும். எல்லா மைதானமும் இப்படியே அமைந்திருக்காது. கிளம்பும் முன் ஃபோனில் மேப்பைத் திறந்து, புல்மேட்டிலிருந்து ஹோம் பிளேட் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இடது, வலது என்பதெல்லாம் பேட்டர் நிற்கும் நிலையிலிருந்து சொல்வது. புல்மேட்டில் உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்கு லெஃப்ட் ஃபீல்டு வலது கைப்பக்கம் வரும்.

அகலமான தொப்பி, சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் மூன்றும் வேண்டும். மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைப் பல மைதானங்களில் உள்ளே விடுகிறார்கள். பை எந்த அளவில் இருக்கலாம், குட்டை நாற்காலியை விடுவார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். மைதானத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. மாலை ஆட்டமென்றால் கையில் ஸ்வெட்டர் இருக்கட்டும். சூரியன் இறங்கியதும் பாலைவனம் மளமளவென்று குளிர்ந்துவிடும்.

சரிவில் எந்த உயரம்?

அரிசோனாவில் மைதானங்களின் அடிப்புல் பெர்முடா, நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம். குளிர்காலத்தில் அது பழுத்துத் தூங்கிவிடும் என்பதால், இலையுதிர் காலத்திலேயே மேலே ரை புல் விதையைத் தூவிவிடுகிறார்கள். மார்ச்சில் நீங்கள் பார்க்கும் பளபளப்பான பச்சை அந்த ரை புல்தான். காலையில் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் அடியில் ஈரம் நிற்கும். பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைக் கீழே போட்டு, அதன் மேல் ஜமக்காளம் விரிப்பது உத்தமம்.

அடிவாரத்தில் வேலியை ஒட்டி உட்கார்ந்தால் அவுட்ஃபீல்டர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். அவர் சூயிங்கம் மெல்லுவது வரை தெரியும். ஆனால் சுவரின் உயரத்தைப் பொறுத்து, அதன் காலடியில் நடப்பது மறைந்துபோகும். உச்சியில் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்தால் மைதானம் முழுக்க விரிந்து தெரியும், தின்பண்டக் கடையும் பக்கம். ஆனால் போகிற வருகிற கால்கள் ஓயாமல் குறுக்கே வரும். முதல் தடவை போகிறவர்களுக்கு நடுச்சரிவுக்குச் சற்று மேலே சரியாக இருக்கும். உட்காரும் முன் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். வழுக்காமல் நின்றால் அதுதான் இடம். செங்குத்தான இடத்தில் உட்கார்ந்தால் மூன்றாவது இன்னிங்ஸுக்குள் இரண்டடி கீழே இறங்கியிருப்பீர்கள். தண்ணீர் பாட்டில் அதற்கு முன்பே போயிருக்கும்.

மேட்டின் நடுவில், சென்டர் ஃபீல்டுக்கு நேர் பின்னால், கரும்பச்சையாக ஒரு சுவரோ மரவரிசையோ இருக்கும். அங்கே யாரையும் உட்கார விடமாட்டார்கள். பந்தை எறியும் பிட்சரின் கையிலிருந்து கிளம்பும் வெள்ளைப் பந்து பேட்டரின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய அந்த இருட்டுப் பின்புலம் வேண்டும். அதற்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் டிவி கேமரா பார்க்கும் கோணத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவீர்கள். பிட்சரின் தோளுக்கு மேலாக, பந்து பிளேட்டின் உள்பக்கம் போகிறதா வெளிப்பக்கம் போகிறதா என்பது நன்றாகவே தெரியும். தூரம் அதிகம், ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது.

பந்தைப் பார்க்காதீர்கள்

புல்மேட்டு ரசனையின் உயிர்நாடி இதுதான்.

ஹோம் பிளேட்டிலிருந்து மையத்து வேலி சுமார் 400 அடி, அதாவது 120 மீட்டர். அங்கிருந்து ஒலி உங்களை எட்ட ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். எனவே பேட் சுழல்வது முதலில் தெரியும், 'டொக்' என்ற சத்தம் பிறகு வரும். இந்தச் சின்ன இடைவெளிக்குள் உங்கள் முன்னால் நிற்கும் அவுட்ஃபீல்டரின் கால்களைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர் என்றால் சத்தம் உங்கள் காதுக்கு வருவதற்குள் முதல் அடியை எடுத்து வைத்திருப்பார். சில பேட்டர்கள் கடந்த பிறகு, யார் முந்திக்கொள்கிறார், யார் ஒரு கணம் தயங்குகிறார் என்று உங்களுக்கே பிடிபடத் தொடங்கும்.

உயரமாக வரும் பந்தை எடைபோடுவதில் புதியவர்கள் எல்லோரும் ஏமாறுவார்கள். வேலியைத் தாண்டும் ஹோம் ரன் என்று துள்ளி எழுந்திருப்பார்கள், பந்து இரண்டாம் பேஸ் அருகில் நிற்பவர் கையில் போய் விழும். நேராக நம்மை நோக்கி வரும் பொருளின் தூரத்தைக் கண் சரியாக அளக்காது. அவுட்ஃபீல்டருக்கும் அதே சங்கடம்தான், நேராகத் தலைக்கு வரும் பந்துதான் அவருக்குக் கஷ்டம். அரிசோனாவில் மேகமே இல்லாத நீலவானம் வேறு. பின்னால் ஒரு மேகத்துணுக்கு இருந்தால் அதை வைத்தாவது அளக்கலாம், அதுவும் இல்லை. போதாததற்கு அவர் முகத்தில் அடிப்பதும் உங்கள் முகத்தில் அடிக்கும் அதே வெயில். கையுறையை நெற்றிக்கு மேல் தூக்கிக் குடை பிடிப்பார். அந்த ஆட்டக்காரரின் சிரமத்தை உடம்பால் உணர்ந்து பார்க்கும் இடம் மைதானத்திலேயே இது ஒன்றுதான்.

ஆகவே பந்து மேலே கிளம்பியதும் பந்தை விட்டுவிட்டு அவுட்ஃபீல்டரைப் பாருங்கள். அவர் நிதானமாக நடந்து வந்தால் நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம். ஹோம் பிளேட்டுக்கு முதுகைக் காட்டி வேலியை நோக்கி ஓடிவந்தால் எழுந்து நில்லுங்கள், பந்து உங்களிடம்தான் வருகிறது.

அடுத்து எறிதல். இரண்டாம் பேஸில் ஆள் நிற்கும்போது அவுட்ஃபீல்டுக்கு ஓர் அடி வந்தால், ஹோம் பிளேட் பக்கத்துக் கூட்டம் ஓடுபவரைப் பார்க்கும். நீங்கள் எறிபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அவருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே ஓர் இன்ஃபீல்டர் கைகளை உயர்த்திக்கொண்டு குறுக்கே வந்து நிற்பார். எறிதல் அந்த நேர்கோட்டில் தாழ்வாகப் போகிறதா, வளைந்து உயரே போகிறதா என்பது உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இடமா, வலமா?

ஹோம் ரன் பந்தைப் பிடிக்க ஆசையா? வலதுகை பேட்டர் முழு வீச்சில் இழுத்து அடித்தால் பந்து லெஃப்ட் ஃபீல்டு பக்கம் வரும், இடதுகை பேட்டருடையது ரைட் ஃபீல்டு பக்கம் போகும். அன்றைய ஆட்டக்காரர் பட்டியலில் எந்தக் கை அதிகம் என்று பார்த்துவிட்டு விரிப்பைப் போடுங்கள். ஃபீனிக்ஸின் வறண்ட காற்றில் பந்து கொஞ்சம் கூடுதலாகவே பறக்கும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இதே கணக்கைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் உட்காரலாம். புல்மேட்டுக்கு முன்னால் வலை கிடையாது. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்பதை மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பிட்சர்கள் தயாராகும் புல்பென், பல மைதானங்களில் புல்மேட்டை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் ஓர் இன்னிங்ஸாவது உட்காருங்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து கேட்சரின் கையுறையில் விழும் ஓசை எந்த ஒலிபரப்பிலும் இவ்வளவு முழுசாக வராது. ஆட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்ற தகவலும் இங்கேதான் முதலில் கிடைக்கும். உட்கார்ந்திருந்த பிட்சர் ஒருவர் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினால், களத்தில் எறிந்துகொண்டிருப்பவரின் நேரம் முடியப்போகிறது.

இன்னிங்ஸ் தொடங்கும் முன் அவுட்ஃபீல்டர்கள் ஒரு பந்தை வைத்துக்கொண்டு எறிந்து பிடித்து விளையாடுவார்கள். முடிந்ததும் அதைப் பலமுறை புல்மேட்டுக்கே வீசிவிடுவார்கள். கையெழுத்து வேட்டைக்குப் புல்மேடு உதவாது. அதற்கு ஆட்டத்துக்கு முன் பக்கவாட்டு வேலியோரம் போக வேண்டும். பந்து வேட்டைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்தில் சின்னப் பிள்ளை நின்றால் பிடித்த பந்தைக் கொடுத்துவிடுவதும், பந்தைத் துரத்தும்போது அடுத்தவர் விரிப்பை மிதிக்காமல் சுற்றிப் போவதும் இங்குள்ள எழுதாத சட்டங்கள்.

எந்த வாரம், எந்த மைதானம்?

பயிற்சி ஆட்டத்தில் வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் ஏறாது. சமநிலையில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதும் உண்டு. தொடக்க நாட்களில் நட்சத்திரங்கள் சில இன்னிங்ஸோடு குளிக்கப் போய்விடுவார்கள், பிட்சர்கள் ஒன்றிரண்டு இன்னிங்ஸ் எறிந்தால் அதிகம். பெரிய பெயர்களை அதிக நேரம் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் நடுவுக்குப் பிறகு போங்கள். நாளைய நட்சத்திரத்தை இன்றே பார்த்துவைக்க ஆசையென்றால் பிப்ரவரி கடைசி. சட்டையில் 80-க்கும் 90-க்கும் மேல் எண்ணோடு வரும் பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். மற்றவர்களுக்குக் கணக்கில் சேராத ஆட்டம் அவர்களுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு.

ஸ்காட்ஸ்டேல் அருகே 2011-இல் திறந்த சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ், சால்ட் ரிவர் பீமா-மரிகோப்பா பழங்குடியினரின் நிலத்தில் இருக்கிறது. டைமண்ட்பேக்ஸ், ராக்கீஸ் அணிகளின் முகாம் அது. சுமார் 11,000 பேருக்கான இடத்தில் கிட்டத்தட்ட 4,000 புல்மேட்டுக்கே. சுற்றிலும் மலைகள். குடும்பத்தோடு முதல் தடவை போக உகந்தது. 2009-இல் திறந்த கேமல்பேக் ராஞ்ச், டாட்ஜர்ஸ், ஒயிட் சாக்ஸ் அணிகளுடையது. பயிற்சிக் களங்களுக்கு நடுவே ஏரி, சுற்றி நடக்கப் பாதை. சீக்கிரமே போய் உலாவலாம். மேசாவில் கப்ஸ் அணியின் ஸ்லோன் பார்க் 15,000 பேர் கொள்ளும், காக்டஸ் லீக்கில் அதுவே பெரியது. வார இறுதியில் புல்லே தெரியாத அளவுக்குக் கூட்டம் சேரும். அமைதி வேண்டுமென்றால் வாரநாளில் போங்கள்.

மலிவு இடத்தின் மகிமை இந்த லீக்கின் பிறப்பிலேயே இருக்கிறது. 1947-இல் கிளீவ்லாண்ட் அணியை டூசானுக்கு முகாமுக்கு அழைத்து வந்தவர் பில் வீக். அதே ஆண்டு ஜயண்ட்ஸ் அணி ஃபீனிக்ஸுக்கு வந்தது. காக்டஸ் லீக் அப்படித்தான் தொடங்கியது. டிக்கெட் விலை ஏற ஏற ஆட்ட ஞானம் குறைகிறது என்பது வீக்கின் கட்சி. பல அணிகளுக்கு உரிமையாளராக இருந்த அந்த மனிதர், கடைசிக் காலத்தில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில், அவுட்ஃபீல்டுக்குப் பின்னாலுள்ள மலிவு பெஞ்சில்தான், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆகவே டிக்கெட் வாங்கியதும் சீக்கிரம் போங்கள். வெயிலையும் சரிவையும் பார்த்து விரிப்பைப் போடுங்கள். மூன்று இன்னிங்ஸ் அவுட்ஃபீல்டருக்குப் பின்னால், இரண்டு புல்பென் பக்கம். நட்சத்திரங்கள் போன பிறகு கூட்டம் பாதியாகக் கரையும். அப்போது அடிவாரத்துக்கு இறங்கி, அந்த 90-ஆம் எண் பையனுக்குக் கை தட்டுங்கள். அவனுக்கு அது கேட்கும்.