கருப்பையும் கணக்கும்

பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலுள்ள ‘கர்ப்பத்தடை’ கட்டுரையைக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமாகவே பலரும் வாசிக்கிறார்கள். அதில் கட்டுரையின் மையமே தவறிப்போகிறது. உடல்நலம், நாட்டின் வறுமை, குடும்பச் சொத்து என்று மற்றவர்கள் காட்டும் காரணங்களை அடுக்கிவிட்டு, தமது காரணம் பெண்ணின் விடுதலை என்று அவர் பிரித்து வைக்கிறார்.

அந்தப் பிரிப்பின் பெறுமதி அக்கால உலகத்தைப் பார்த்தால் விளங்கும். 1883இல் கால்டன் பெயரிட்ட இனமேம்பாட்டியல், தகுதியானவர் பெருகவும் மற்றவர் குறையவும் வேண்டும் என்றது. 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடையைச் சட்டமாக்கியது. 1927இல் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை அறிவு குன்றியவளென்று சொல்லி, அவளுக்குக் கருத்தடை செய்ய அமெரிக்க உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்தது. குறையுள்ளதென்று வழக்கில் காட்டப்பட்ட அவளுடைய குழந்தை, பின்னர் பள்ளிக்கூடத்தில் நல்ல மாணவியாகப் பெயர் வாங்கியது. ஜெர்மனியின் 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 4 இலட்சம் பேரின் சந்ததியை அறுத்தது. 1928இல் சென்னையிலும் நியோ மால்தூசியன் சங்கம் தோன்றியது. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் உயர்சாதிக் கனவான்கள்.

உடலுக்குரியவரின் விருப்பம் என்ற பெரியாரின் அளவுகோலை இன்றும் கீழே வைக்க முடியாது. இந்திய அவசரநிலையின்போது, 1976இல், ஹரியானாவின் உத்தாவர் என்ற முஸ்லிம் கிராமத்தைப் பொலிஸ் சுற்றிவளைத்து ஆண்களைக் கருத்தடைக்கு இழுத்துச் சென்றது. நம் நாட்டில் அதே எண்ணிக்கைப் பயம் தலைகீழாக வந்தது. 2018இல் அம்பாறையில் சாப்பாட்டில் ‘வந்த பெத்தி’ என்று வதந்தி கிளப்பிப் பள்ளிவாசலைத் தாக்கினார்கள். பரிசோதனையில் கிடைத்தது மாக்கட்டி. 2019இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது கள்ளக் கருத்தடைப் பழி விழுந்தது. ஆதாரம் இல்லையென்று புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் சொன்னது.

இதற்கு நம்மட ஆக்கள் சிலர் சொல்லும் பதில் என்ன? "அவனுகள் கூடிட்டானுகள், நாமளும் கூடத்தான் வேணும்." கட்டைபறிச்சான், மூதூர்ப் பக்கத்தில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கிறோம், இங்கு தேர்தல் வந்தால் இனவிகிதமும் கூடவே வந்துவிடும். ஆனால் அந்தப் பதிலும் கால்டனின் கணக்குத்தான். பெத்து வளர்க்கிறவளிடம் யார் கேட்டது?

நமது மரபில் இந்தக் கேள்வி புதிதல்ல. ‘அஸ்ல்’ பற்றிப் பேசிய சட்ட அறிஞர்களில் பலர் மனைவியின் சம்மதத்தை நிபந்தனையாக வைத்தார்கள். பெரியார் மதத்தை மறுத்தவர். நாம் மார்க்கத்தில் நிற்பவர்கள். ஆனாலும் இந்த ஓர் இடத்தில் அவருடைய கட்டுரையை நமது ஃபிக்ஹு நூல்களோடு சேர்த்து வாசிக்கலாம். இரண்டிலும் சமூகத்தின் தலைக்கணக்குக்கு முன்னே ஒரு பெண் நிற்கிறாள்.