தேய்மானம்

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும், வாங்கிய விலை என்ன, எத்தனை வருஷம் ஆச்சு, தேய்மானம் போக இன்றைக்கு என்ன தேறும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். போன மாதம் என் வீட்டு ஹால் சுவரில் தொங்கும் கிடாரைப் பார்த்தபோதும் ஓடியது.

காலேஜ் இரண்டாம் வருஷத்தில், ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. விலை 1,800 ரூபாய். 'குறைந்து செல் மதிப்பு' முறையில் வருஷத்துக்கு 10 சதவிகிதம் கழித்தால், 20 வருஷத்தில் அதன் புத்தக மதிப்பு 219 ரூபாய். இந்த முறையில் ஒரு விசேஷம். எத்தனை வருஷம் கழித்தாலும் கணக்கு பூஜ்யத்துக்கு வராது. கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

நீங்கள் கிடார் பக்கமே போகாதவராக இருக்கலாம். பரவாயில்லை. அப்பாவின் சைக்கிள், ஓடாத டேப் ரிக்கார்டர், பாட்டியின் வெற்றிலைப் பெட்டி என்று உங்கள் பரணிலும் ஏதாவது இருக்கும். பழைய சாமான்காரர் வாசலில் குரல் கொடுக்கும்போதெல்லாம் 'இது வேண்டாம், இருக்கட்டும்' என்று ஒதுக்கி வைப்பீர்களே, அதுதான். முதல் கிடாரும் அந்த ஜாதி.

ஆனால் ஒரு வித்தியாசம். முதல் கிடார் பெரும்பாலும் மட்டமான கிடாராக இருக்கும். கையில் காசு இருக்காது. விஷயம் தெரிந்தவர் கூட வரமாட்டார். பளபளப்பைப் பார்த்து வாங்கிவிடுவோம். தந்திக்கும் கழுத்துப் பலகைக்கும் நடுவில் பென்சிலை நுழைக்கலாம், அவ்வளவு இடைவெளி. அந்த இரும்புத் தந்தியை அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போகும். ஆள்காட்டி விரலால் ஆறு தந்தியையும் ஒரே அமுக்காக அமுக்கி எஃப் கார்டு பிடிக்கும் இடத்தில், பாதிப் பேர் கிடாரைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். மீதிப் பேருக்குச் சில வாரங்களில் விரல் நுனியில் காய்ப்பு காய்க்கும். அப்புறம் வலிக்காது. அதாவது, நாம் கிடாரைத் தேய்ப்பதற்கு முன்னால் கிடார் நம்மைத் தேய்த்துவிடுகிறது. பாசம் அங்கே ஆரம்பிக்கிறது.

'இல்லை ஸார், அந்தப் பழைய மரத்தின் நாதமே தனி' என்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு சோதனை செய்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆறு கிடார்கள். பின்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் மட்டும் வேறு வேறு மரம். அதில் கிடைப்பதற்கரிய பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு, மலிவான மரங்களும் உண்டு. 52 கிடார் வாசிப்பவர்களைக் கூப்பிட்டு, மரம் தெரியாதபடி கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி வாசிக்கச் சொன்னார்கள். எல்லாக் கிடாருக்கும் ஏறக்குறைய ஒரே மார்க்தான் விழுந்தது. எது உசத்தி மரம் என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆக, நம் பாசம் நாதத்தில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. எங்கே என்பதில்தான் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிகிறது.

முதல் கட்சி, ஏலக் கட்சி.

ஜான் லெனன் பையனாக இருந்தபோது வாசித்தது 'காலோடோன் சாம்பியன்' என்ற தென்னாப்பிரிக்கக் கிடார். மலிவு சரக்கு. 'வெடிக்காது என்று உத்தரவாதம்' என உள்ளே லேபிள் ஒட்டி விற்றார்கள். கிடார் வெடிக்காது என்பதையே பெருமையாகச் சொன்னால் அதன் தரத்தை ஊகித்துக்கொள்ளுங்கள். 1957 ஜூலை 6-ஆம் தேதி, லிவர்பூலில் ஒரு சர்ச் திருவிழாவில் லெனனின் கோஷ்டி வாசித்தது. பால் மெக்கார்ட்னியை அவர் முதன்முதலில் சந்தித்தது அன்றைக்குத்தான். 'கிடாரெல்லாம் சரிதான், ஆனால் அதை வைத்துப் பிழைக்க முடியாது' என்று வளர்த்த பெரியம்மா மிமி புத்தி சொன்னதாகப் பிரசித்தமான கதையும் உண்டு. நம் ஊர்ப் பெரியம்மாக்களும் இதைத்தான் சொல்வார்கள்.

லெனன் என்ன செய்தார்? கொஞ்ச நாளில் நல்ல கிடார் கிடைத்ததும் இதை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதில் தப்பே இல்லை. முதல் கிடாரின் வேலை, இரண்டாவது கிடாரில் கொண்டுபோய் விடுவது. அந்த வேலை முடிந்தது. 1999-இல் சோதபீஸ் ஏலத்தில் அதே கிடார் 1,55,500 பவுண்டுக்குப் போனது.

இது ஆரம்பம்தான். கர்ட் கோபேன் 1993-இல் எம்.டி.வி. 'அன்ப்ளக்டு' நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் கிடார், 2020-இல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய தேதிக்குக் கிடார் ஏலத்தில் உச்ச விலை. வாங்கிய ஆஸ்திரேலியத் தொழிலதிபர், அதை ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்துக் கலைத்துறையினருக்கு உதவப் போவதாக அறிவித்தார். நல்ல மனசு. 2024-இல் லெனனின் இன்னொரு கிடார், 12 தந்தி 'ஃப்ராமுஸ்', இங்கிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது. ஏறக்குறைய 29 லட்சம் டாலர். பரணில் கிடந்த அத்தனை காலமும் அதைச் சீந்த ஆளில்லை. விலை வந்ததும் பாசம் வந்துவிட்டது.

என் விமர்சனம் இதுதான். ஏலத்தில் கை தூக்குகிறவர் வாங்குவது கிடாரை அல்ல, இன்னொருவருடைய ஞாபகத்தை. கணக்குப் பாஷையில் 'நற்பெயர்' என்று தனியாக எழுதுவோமே, அந்த இனம். கண்ணுக்குத் தெரியாத சொத்து. லெனனின் விரலில் காய்ப்பு காய்த்தது வாங்கினவர் கைக்கு மாறாது. கிடாருக்கு அடுத்த வாழ்க்கை கண்ணாடிப் பெட்டிக்குள்தான். யாரும் தொடக்கூடாது. தொட்டால் விலை குறையும்.

'மியூசியத்தில் வைக்காவிட்டால் அடுத்த தலைமுறை எப்படிய்யா பார்க்கும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பார்க்கட்டும். ஆனால் கிடார் பார்க்கிற பொருள் இல்லை. கண்ணாடிக்குள் இருக்கும் கிடார் மரத்தின் போட்டோ மாதிரி. போட்டோவுக்கு மரியாதை செய்யலாம், மாலைகூடப் போடலாம். குசலம் விசாரிக்க முடியாது.

இரண்டாவது கட்சிக்கு ஒரே ஒரு தலைவர்தான். அமெரிக்காவின் கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன்.

டெக்ஸஸில் ஆபட் என்ற சின்ன ஊரில் தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை. ஆறு வயசில் தாத்தா முதல் கிடார் வாங்கித் தந்தார். ஆனால் உலகம் பேசுவது அந்தக் கிடாரைப் பற்றி அல்ல. 1969-இல், 36 வயசில் வாங்கியதைப் பற்றி. அதுவரை வைத்திருந்த பால்ட்வின் கிடாரைக் கச்சேரியில் ஒரு குடிகாரர் மிதித்து உடைத்துவிட்டார். நாஷ்வில்லில் ரிப்பேர்காரர் 'இது தேறாது' என்று சொல்லிவிட்டு, மார்ட்டின் கம்பெனியின் என்-20 ஒன்று இருப்பதாகச் சொன்னார். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிடார். 750 டாலர். நேரில் பார்க்காமலே வாங்கினார் நெல்சன். பழைய கிடாரின் பிக்கப்பை அதில் பொருத்தச் சொன்னார். 'ட்ரிகர்' என்று பெயர் வைத்தார்.

கிளாசிக்கல் கிடாரை விரலால்தான் மீட்டவேண்டும். அதனால் அதன் முகப்பில் உரசலைத் தாங்கும் பிளாஸ்டிக் தகடு வைக்கமாட்டார்கள். நெல்சன் பிக் வைத்து அடித்து வாசித்தார். வருஷக்கணக்கில் பிக்கும் விரலும் உரசி உரசி, ஒலித்துளைக்குப் பக்கத்தில் மரம் தேய்ந்து இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. ஓட்டையோடுதான் வாசித்தார். 1975-இல் வந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்', 1978-இல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' இரண்டிலும் அதே கிடார். வாங்கிய கொஞ்ச காலத்தில் டென்னஸி மாநிலத்தில் அவர் வீடு தீப்பிடித்து எரிந்தபோது, உள்ளே ஓடிப் போய் மீட்டு வந்ததும் இதைத்தான்.

1990-இல் வருமான வரிக்காரர்கள் வந்தார்கள். பாக்கி, 1 கோடியே 67 லட்சம் டாலர். வீடு, நிலம், ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் பூட்டு. போகட்டும், ட்ரிகர் மட்டும் அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று நெல்சன் கவலைப்பட்டார். மகள் லானா அதற்குள் கிடாரை அப்புறப்படுத்தி ஹவாயில் இருந்த அப்பாவிடம் சேர்த்துவிட்டார். கணக்குப் படித்தவன் என்ற முறையில் இதை நான் ஆதரிக்கக்கூடாது. மனுஷன் என்ற முறையில் லானாவுக்கு ஒரு கும்பிடு.

வரி கட்டுவதற்காகவே ஓர் ஆல்பம் வெளியிட்டார் நெல்சன். 'என் ஞாபகங்களை யார் வாங்குவார்?' என்று அர்த்தம் வரும் தலைப்பு. வாத்தியக் கோஷ்டி கிடையாது. ஒரு குரல், ஒரு கிடார். ஒரு ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சுத்தமான வாசிப்பு என்று சொல்லமாட்டேன். தந்தியைச் சுண்டும் 'டொக்' சத்தம் ஸ்வரத்தைவிட முன்னால் வந்து நிற்கும். குரல் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் சாவகாசமாக வரும், கிடார் போய் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும். எங்கே இவர் தாமதிப்பார், எங்கே அவசரப்படுவார் என்று அந்த மரத்துக்குத் தெரியும் போலிருக்கும். தெரியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்த மாதிரி கேட்கிறது, அதுதான் விஷயம். ஏலக் கட்சிக்காரர்கள் கோடி கொடுத்தும் வாங்க முடியாதது இது. நெல்சன் ஞாபகங்களை விற்றார். கிடாரை விற்கவில்லை.

பெயர்க் காரணத்தில் ஒரு முரண். ட்ரிகர் என்பது சினிமா கௌபாய் ராய் ராஜர்ஸின் குதிரை. 1965-இல் அது செத்ததும், தோலைப் பதப்படுத்தி, நிற்கிற மாதிரி பொம்மை செய்து மியூசியத்தில் வைத்தார் ராஜர்ஸ். அவருக்கும் அது பாசம்தான். மியூசியம் மூடியபின், 2010-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 2,66,500 டாலருக்குக் குதிரை விலை போனது. அந்தக் குதிரை அசையாமல் நின்ற காலமெல்லாம், அதன் பெயரைச் சுமந்த கிடார் ஓடிக்கொண்டே இருந்தது. நெல்சன் 2023-இல் தொண்ணூறு வயசைத் தொட்டபோதும் மேடையில் அதே ஓட்டைக் கிடார்.

நெல்சன் கட்சியையும் முழுசாகப் புகழ்ந்துவிட மனசில்லை. ட்ரிகர் மேல் நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதுவே ஒரு பிராண்டு ஆகிவிட்டது. நாளைக்கு அதுவும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போகலாம். போகட்டும், உழைத்து முடித்துவிட்டுத்தானே போகிறது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஆஸ்டினில் மார்க் எர்லவைன் என்ற கிடார் செய்பவர், 1977-லிருந்து அதைப் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்டு வந்தார். உள்ளே முட்டுக் கொடுப்பது, துடைப்பது, விரிசலை ஒட்டுவது. பாசம் என்றால் கண்ணீர் இல்லை ஸார், மராமத்துச் செலவு. சொந்தப் பையிலிருந்து, வருஷா வருஷம்.

இப்போது என் வீட்டுச் சுவருக்கு வருகிறேன். இத்தனை எழுதிவிட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் ஏலக் கட்சிதான். அக்கா பையன், பதிமூணு வயசு, லீவுக்கு வந்தவன் சுவரைக் காட்டி, "மாமா, எடுத்து வாசிக்கவா?" என்றான். "அது சென்டிமென்ட்டுடா, தொடாதே. உனக்குப் புதுசு வாங்கித் தரேன்" என்றேன். அவன் சும்மா இல்லாமல், "நீங்களும் வாசிக்க மாட்டேங்கிறீங்களே?" என்றான். பதில் இல்லை. நான் அதைக் கடைசியாக வாசித்து எட்டு வருஷம் இருக்கும்.

இரண்டு நாள் கழித்துச் சுவரிலிருந்து இறக்கினேன். தந்தியெல்லாம் துரு. பிரிட்ஜ் பலகை ஒரு பக்கம் எழும்பியிருந்தது. இரும்புத் தந்தி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ பலத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும் என்று ரிப்பேர்காரர் சொன்னார். வாசித்தாலும் இழுக்கும், மாட்டி வைத்தாலும் இழுக்கும். தொடாமல் பாதுகாத்ததாக நான் நினைத்த எட்டு வருஷமும் அது தன்பாட்டுக்குப் பிய்ந்துகொண்டிருந்தது.

பிரிட்ஜை ஒட்டி, தந்தி உயரத்தைக் குறைத்து, புதுத் தந்தி போட 2,600 ரூபாய். புத்தக மதிப்பு 219. எந்த ஆடிட்டரும் இந்த வவுச்சரில் கையெழுத்துப் போடமாட்டார்.

பையன் ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறான். பத்தாம் நாள் போன் வந்தது. முதலில், பீரோவில் இடித்து ஓரத்தில் லேசாகக் கீறல் விழுந்துவிட்டது என்று பயந்து பயந்து சொன்னான். கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம், "விரலெல்லாம் எரியுது மாமா. இந்த எஃப் கார்டு வரவே மாட்டேங்குது" என்றான்.

"வரும்டா" என்றேன்.