எஸ். எஸ். பிள்ளையின் ஆய்வுகளும் மேற்கோள் கணக்கும்

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை (1901–1950) தமிழகம் தந்த எண் கோட்பாட்டு அறிஞர். இன்றைய கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் 1941 வரை பணியாற்றினார். அவரது முதன்மையான ஆய்வுகள் பலவும் இக்காலத்தவை.

எந்த இயல் எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். உயர் அடுக்குகளுக்கு எத்தனை எண்கள் வேண்டும் என்பதே வாரிங் சிக்கல். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என 1940இல் பிள்ளை நிறுவினார். ஐந்தாம் அடுக்கு 1964இலும் நான்காம் அடுக்கு 1986இலுமே தீர்ந்தன. ஏழும் அதற்கு மேலுமான அடுக்குகளில் அமெரிக்கரான டிக்சனும் அவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில், தனித்தனியே முடிவு கண்டனர்.

இத்தகைய பணியை மேற்கோள் எண்ணிக்கையால் அளப்பது பொருந்தாது. பிள்ளையின் கட்டுரைகள் பல அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் இந்தியக் கணித இதழ்களிலும் வந்தவை. வெளிநாட்டு நூலகங்களுக்கு அவை எளிதில் எட்டவில்லை. உள்ளூர் இதழுக்கு வலுவூட்டிய இத்தேர்வே அவரது புகழைச் சுருக்கவும் செய்தது.

மற்றொரு குறை நுட்பமானது. 1 முதல் n வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றுக்கும் n உடனான மீப்பெரு பொதுக் காரணிகளைக் கூட்டுவது 'பிள்ளை சார்பு' (1933). 6க்கு 1+2+3+2+1+6=15. 'பிள்ளை பகா எண்', 'பிள்ளை ஊகம்' என்பனவும் வழக்கில் உள்ளன. ஒரு பெயர் பொதுச்சொல்லானபின் மூலக்கட்டுரையைச் சுட்டாமலே அதை ஆள்வர். அந்தப் பயன்பாடு எந்தக் கணக்கிலும் ஏறாது.

1950 ஆகஸ்டு 31இல், அமெரிக்கா செல்லும் வழியில் கெய்ரோ அருகே நிகழ்ந்த விமான விபத்தில் பிள்ளை மறைந்தார். அவரது ஆய்வுகளின் தொகுப்பு வெளிவர 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.