திருப்புடைமருதூர்க் கப்பல் ஓவியம்

கடலுக்குத் தொலைவில், தாமிரபரணிக் கரையில் அமைந்த திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிற் கோபுரத்தின் உட்சுவரில், நாயக்கர் காலத்து வணிகக் கலமொன்று தீட்டப்பெற்றுள்ளது. அயல்நாட்டு வணிகரோடு குதிரைகளும் அதில் உள்ளன. இதனைக் குதிரை வாணிகத்திற்குச் சான்றாகக் காட்டுவதோடு அமைதல் போதாதென்பது நம் கருத்து.

பட்டினப்பாலை, கடல்வழி வந்த புரவியைக் கரையில் நிறைந்த பிற பண்டங்களோடு சேர்த்து எண்ணுகின்றது. ஓவியனோ அதனைக் கலத்திலேயே, மாந்தரோடு ஒருங்கு நிறுத்துகின்றான். புலவர் காட்டுவது துறைமுக வளம். ஓவியன் காட்டுவது கடற்செலவில் உயிர்கள் கூடி வாழ்ந்த வாழ்வு. இவ்வேறுபாடே ஓவியத்தின் தனிச்சிறப்பாகும்.

ஆயினும், கலத்தின் அமைப்பு மெய்யோ புனைவோ என்பதை ஏட்டறிவு மட்டும் கொண்டு துணிதல் அரிது. இராயபுரம், எண்ணூர் முதலிய கரைகளில் கடற்றொழில் பயின்றோரையும் அச்சுவர்முன் அழைத்துச் சென்று அவர்தம் கருத்தைக் கேட்டல் நம் ஆராய்ச்சியாளர் கடனாகும்.