ஏசிக்கொண்டே பார்ப்பது

சன் டிவியில் 2014இல் தொடங்கி 2022வரை ஓடிய ‘சந்திரலேகா’ மதியத் தொடர், 2,000 அத்தியாயங்களைத் தாண்டியது. பாம்பனில் கடல்பாசி எடுக்கும் என் சின்னம்மா, கடலுக்குப் போகாத நாளெல்லாம் அதைப் பார்த்தார், ஏசிக்கொண்டே: “இவன்கிட்ட இன்னும் என்னத்துக்குடி நிக்கிற? கெளம்பு!”

ஜோடி சேர்ந்தாலும் பிரிந்தாலும் கதை முடிந்துவிடும். அதனால் நெடுந்தொடர்கள் இரண்டையும் தள்ளிப்போடுகின்றன. காத்திருக்கும் வேலையைப் பெண்ணின் தலையில் கட்டுகின்றன. சின்னம்மாவின் ஏச்சு அதைத்தான் கண்டுபிடித்தது.

சீரியல் பார்க்கும் பெண்களுக்கு யோசனை கிடையாது என்று கல்லூரி நாட்களில் நானும் பேசியிருக்கிறேன். மூச்சடக்கி முங்கிச் சம்பாதித்த காசைச் சித்தப்பா பிடுங்கிக்கொண்ட இரவுகளில் சின்னம்மா வாய் திறந்ததில்லை. “கெளம்பு” என்ற சொல்லை அவர் உரக்கச் சொன்னது டிவி முன்னால் மட்டும்தான். அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இப்போது என்னால் முடியவில்லை.