அழுகுணி ஆட்டமும் கற்றல் ஏணியும்

திருத்தணியில் அறுபதைத் தாண்டியவர்களிடம் சின்ன வயது விளையாட்டைப் பற்றிக் கேட்டால் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பெயர் வரும். பாண்டி என்பார் ஒருவர், தொக்குடு பில்ல என்பார் பக்கத்து வீட்டுக்காரர். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்த ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. தெருவில் ஆடியே இரண்டு மொழியும் நாக்கில் ஏறிய தலைமுறை அது. இன்றைய பிள்ளைகளைப் பார்த்து, ‘செல்லே கதின்னு கிடக்குதுங்க’ என்று அவர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் செல்போனைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால், இடையில் விளையாட்டை அரசுப் பள்ளியே உள்ளே கூப்பிட்டுக்கொண்ட கதை விட்டுப்போகும்.

அந்தக் கதையும் பழைய சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா இருவரும் 1980களின் பிற்பகுதியில் கிராமத்துச் சிறு பள்ளிகளுக்காகப் பாடப்புத்தகத்தை அட்டைகளாகப் பிரித்தார்கள். அதைப் பின்பற்றி 2003-இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-08-இல் அது மாநிலம் முழுக்கச் சுமார் 37,000 பள்ளிகளுக்குப் பரவியது.

ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் கலந்து பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை. பிள்ளை, கற்றல் ஏணி என்ற படத்தில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துவரும். ஆசிரியரும் பாயில்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வந்த சொந்தக்காரர்களுடன் நாலு நாள் மலையடிவாரத்தில் சுற்றிவிட்டு வரும் பிள்ளை, விட்ட படியிலிருந்து ஏறலாம். மற்றவர்கள் முந்திவிட்டார்களே என்று நடுங்க வேண்டாம். பிரம்புக்குப் பயந்து படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கோளாறு, பரப்பிய விதத்தில் இருந்தது. ரிஷிவேலி அட்டைகளில் அந்த ஊர்க் கதையும் பாட்டும் இருந்தன. இங்கே திருத்தணிக்கும் நாகர்கோவிலுக்கும் ஒரே அட்டை. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்குத் தெருவில் கிடைத்த இருமொழி வசதி அதில் இல்லை.

அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. தெரு ஆட்டத்தில் பாதி நேரம் ஆட்டமே நடக்காது. சா பூ த்ரி போட்டு ஆள் பிரிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிடும். கில்லி போன தூரத்தைக் கோலால் அளக்கும்போது தள்ளித் தள்ளி வைக்கிறான் என்று ஒரு சண்டை. கோட்டை மிதித்தாளா இல்லையா என்று இன்னொன்று. அழுகுணி ஆட்டம் ஆடுபவனை விரட்டினால் ஆள் குறையும். கூடவே வந்த தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அக்காவையும் உள்ளே கூப்பிட்டுவிடுவாள். காய் விட்டவர்கள் மறுநாளுக்குள் பழம் விடாமல் முடியாது, ஆள் வேண்டுமே! இந்த வழக்காடலில்தான் பிள்ளைகள் அதிகம் கற்றார்கள் என்பது என் கட்சி. கற்றல் ஏணியோடு வழக்காட முடியாது. வேகம் பிள்ளையுடையது, வரிசையும் விதியும் பெரியவர்களுடையவை.

இதற்காகப் பழைய தெருவுக்கு மாலை போட வேண்டியதில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவு வீடுகளில் பல பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரமென்பது தார் சுற்றி முடித்த பிறகு மிஞ்சியதுதான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஊர்த்தெருப் பையனும் காலனிப் பையனும் ஒரே கட்சியில் நின்று ஆடியது அபூர்வம். தெரு செய்யாததை வகுப்பறைப் பாய் செய்தது: எல்லோரையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தது. அந்த வட்டத்திலிருந்து, வசதிப்பட்டவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இந்தக் குற்றத்தை அட்டையின் மேல் போட முடியாது.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்குத் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் திரும்பியது 2021 நவம்பரில். பாடமும் விளையாட்டும் ஒரே செல்போனுக்குள் போயின. ஃப்ரீ ஃபயரில் நாலு பேர் கட்சி கட்டிக் கத்திக்கொண்டு ஆடினார்கள். தனிமையில் கிடந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் விதி சிங்கப்பூர் நிறுவனம் வகுத்தது. அதனுடன் யார் சண்டை போடுவது? 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அதைத் தடை செய்தபோதும் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

விட்டுப்போன படிப்பைப் பிடிக்க எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. பாட்டு, பொம்மை, முகமூடி எல்லாம் உண்டு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும் பின்தங்கிய பிள்ளைக்கு உதவும். விளையாட்டு இன்னும் கொஞ்சம் பாடமாகிவிட்டது, அவ்வளவுதான். மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும் வேலை ஆசிரியர் தலையில்.

பள்ளிக்குள் வந்த விளையாட்டைத் திரும்பத் தெருவுக்கு அனுப்ப வழியில்லை. இருசக்கர வண்டிகளும் வேன்களும் தெருவை எடுத்துக்கொண்டன. பள்ளி மைதானம் மிச்சமிருக்கிறது. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்குவதை நிறுத்தி, அட்டையும் விசிலும் இல்லாமல், எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து விடலாம். அடிதடி முற்றாதவரை ஆசிரியர் மரத்தடியை விட்டு எழுந்திருக்க வேண்டாம். இதை எந்தக் கற்றல் விளைவின் கீழ் பதிவேற்றுவது என்று மேலதிகாரி கேட்பார். அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.