புறமுதுகிட்டோரும் கம்பரும்

போர்க்களத்தில் புறமுதுகிட்டவனுக்குத் தமிழ் இலக்கியம் எளிதில் இடம் தருவதில்லை. மகன் புறங்காட்டி மாண்டது உண்மையாயின், அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் எனச் சூளுரைத்த புறநானூற்றுத் தாயையே நம் மேடைகள் போற்றுகின்றன. ஓடியவன் ஏன் ஓடினான், அவனை என் செய்வது என்னும் வினாக்களுக்கு இடமளித்தவர் கம்பர். யுத்த காண்டத்து மூலபல வதைப் படலம் இதற்குச் சான்று.

இராவணனின் மூலபலச் சேனையைக் கண்டதும் வானரப் படை சிதறி ஓடுகிறது. கும்பகருணனையும் இந்திரசித்தனையும் எதிர்த்து நின்ற படை அது. எனவே இதனைப் பிறவிக் கோழைமை எனத் தள்ளிவிட இயலாது. ஓடியவர்களுள் மூத்தவனும் அறிவுரை கூறுபவனுமாகிய சாம்பனும் இருக்கிறான். தன் ஓட்டத்துக்கு அவன் காரணங்களும் அடுக்குகிறான். அச்சம் அறிவையும் தன் வழக்கறிஞனாக்கிக் கொள்ளும் என்பதைக் கம்பர் நன்கு அறிந்திருக்கிறார்.

அவர்களை மீட்க இராமன் அனுப்புவது அங்கதனை. அவன் தன் தந்தை வாலியை அதே இராமனின் அம்புக்குப் பறிகொடுத்தவன். சீதையைக் காணாமல் கடற்கரையில் அவன் உயிர்விடத் துணிந்தபோது, சாகலாகாது என வாதாடியவன் இதே சாம்பன். இன்று இளையவன் இடித்துரைக்கிறான். முதியவன் நாணித் திரும்புகிறான். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. கம்பரைச் செவியால் சுவைக்கக் கற்பித்தார். அவ்வாறு வாய்விட்டுப் படித்தால், அங்கதனின் கடிந்துரைக்கு அடியில் பழைய நன்றியும் ஒலிக்கக் கேட்கலாம்.

மீண்டவர்க்குத் தண்டனை இல்லை. இலக்குவனையும் அனுமனையும் அவர்களுக்குத் துணையாக்கிவிட்டு, மூலபலத்தை இராமன் தனியனாய் எதிர்கொள்கிறான். பண்டைய உரோமைப் படையிலோ, ஓடிய அணியில் பத்துப் பேருக்கு ஒருவனைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்து, தோழர் கையாலேயே கொல்விக்கும் வழக்கம் இருந்தது. 1917 ஏப்ரலில் பிரெஞ்சுப் படையின் பெருந்தாக்குதல் தோற்றபின், பல டிவிஷன்களின் வீரர்கள், அகழிகளைக் காப்போம், வீண் தாக்குதலுக்குச் செல்லோம் என மறுத்தனர். நூற்றுக்கணக்கானோர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலும் அது நிறைவேற்றப்படவில்லை. தளபதி பெத்தேன் விடுப்பையும் உணவையும் சீராக்கி, வீண் தாக்குதல்களை நிறுத்தினார். படை மெல்ல நிலைபெற்றது.

கம்பரிடமும் ஒரு குறை உண்டு. தலைவர்கள் பேசுகிறார்கள்; பெயரற்ற வானரனின் அச்சம் அவன் வாயாலேயே நமக்குக் கேட்பதில்லை. எனினும், படையின் ஒழுங்கு ஆணையினால் மட்டும் நிற்பதன்று. தலைவன் மீதுள்ள நம்பிக்கை குலையும்போது அதுவும் குலைகிறது. கொடிய பங்கைத் தானே ஏற்கும் தலைவனுக்கே ஓடியவனைத் திரும்ப அழைக்கும் தகுதி உண்டு என்பது இப்படலம் தரும் தீர்ப்பு.